நாயகன் மனிதனாகத்தான் இருக்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புனைகதையில் மனிதரல்லாத பாத்திரம் துணைக்கு வரலாமே தவிர நாயகனாக முடியாது என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஆபத்தை எதிர்கொள்ளும் துணிவும், எந்தப் பக்கம் நிற்பது என்று தானே தீர்மானிக்கும் அறிவும் எந்தப் பாத்திரத்திடம் இருக்கின்றனவோ, வாசகர் மனம் அதன் பின்னாலேயே செல்லும்.

'ஆனந்த விகடன்' இதழில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வையே எடுத்துக்கொள்வோம். ரவி என்பவனின் வளர்ப்பு இயந்திர நாயாக நிலாவின் வீட்டுக்குள் நுழையும் ஜீனோ, புத்தகம் படித்து, கேள்வி கேட்டு, சுயமாகச் சிந்திக்கத் தொடங்கி, காணாமற்போன கணவன் சிபியைத் தேடித் தவிக்கும் அவளுக்கு உற்ற துணையாகிறது. அதற்கு ரத்தமும் சதையும் இல்லை. ஆனாலும் அதற்கு ஆபத்து நேரும்போது நமக்குப் பதறுகிறது. இரண்டாம் பாகத்துக்கு 'மீண்டும் ஜீனோ' என்றே பெயர் சூட்டப்பட்டது, யார் நாயகன் என்பதை ஆசிரியரே ஒப்புக்கொண்டதற்குச் சான்று என்பேன்.

மனிதனுக்கு இயந்திர வேடம் போட்டுவிட்டால் மட்டும் போதாது என்பது உண்மைதான்; அந்தப் பாத்திரம் உலகைப் பார்க்கும் விதமே வேறாக இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு அன்றாடப் பேச்சாகிவிட்ட இந்நாளில், அவ்வாறு எழுதத் துணியும் இளம் எழுத்தாளர்களின் சிறுகதைகளுக்குத் தங்கள் ஞாயிறு இணைப்பிதழில் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், மதுரை