பட்டன் தருகிறோம், சுவிட்ச் கேபிள் வேண்டாம்: ராஸ்பெரி பை வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதத்திலிருந்து நம் கடையில் ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் போர்டுக் கம்ப்யூட்டரில் 3 அல்லது 4ஆம் மாடல் வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்னப் பட்டனும், பின்னில் செருகும் இரண்டு ஜம்பர் ஒயரும் சேர்த்தே தருகிறோம். தனிக் காசு கிடையாது. "ஆன்-ஆஃப் சுவிட்ச் வைத்த கேபிள் இருக்கிறதா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் கேபிளை எடுத்து நீட்டாமல் இந்தப் பட்டனை ஏன் கொடுக்கிறோம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

2012 இல் வந்த முதல் பை தொடங்கி பை 4 வரைக்கும் போர்டில் பவர் பட்டனே இல்லை. கீபோர்டுக்குள் கம்ப்யூட்டரை அடக்கி 2020 இல் வந்த பை 400 இல்தான் அதற்கென ஒரு விசை வந்தது. மற்றவை எல்லாம் சார்ஜரைச் செருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். கேமராவுக்கோ விளம்பரத் திரைக்கோ பின்னால் மாட்டி வைத்திருப்பவர்களுக்கு இது வசதிதான். கரண்ட் போய் வந்தால் தானாகவே எழுந்துகொள்ளும். மேசையில் வைத்துப் பயன்படுத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாட்டுவது மெமரி கார்டில். நீங்கள் ஒரு கோப்பைச் சேமித்ததுமே அது கார்டில் எழுதப்பட்டுவிடுவதில்லை. பையில் ஓடும் சிஸ்டமான லினக்ஸ் அதைச் சற்று நேரம் ரேமில் வைத்திருந்து, பிறகு சேர்த்து எழுதுகிறது. கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப்பும் தன் பங்குக்குப் பழைய பிளாக்குகளை அழித்துத் தரவை இடம் மாற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து ஒயரைப் பிடுங்கினால், ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்பே குறித்து வைக்கும் பதிவேடு, பல சமயம் காப்பாற்றிவிடும். ஆனால் கார்டுக்குள்ளேயே பாதியில் நின்றுபோன வேலைக்கு ஜர்னலால் ஒன்றும் செய்ய முடியாது. "நேற்று ஓடியது, இன்று பூட் ஆகவில்லை" என்று கொண்டு வரும்போது பெரும்பாலும் போர்டு நன்றாகவே இருக்கும், கார்டுதான் போயிருக்கும்.

சுவிட்ச் கேபிள் இதே ஒயர் பிடுங்கலை இன்னும் சுலபமாக்குகிறது, அவ்வளவுதான். அதோடு பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் சப்ளை வேண்டும். மெல்லிய ஒயரும் மலிவான சுவிட்சும் நடுவில் புகுந்தால் வோல்ட் இறங்கும். ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையில் மின்னல் குறி வரும், வேகமும் குறையும். அதைப் பார்த்துவிட்டு போர்டை மாற்றித் தரச் சொன்னால் நாங்கள் என்ன செய்வது, சொல்லுங்கள்.

நாங்கள் தரும் பட்டன் கரண்ட் வரும் வழியில் உட்காராது. அழுத்தினால் சிஸ்டத்துக்கு ஒரு தகவல் மட்டும் போகும். சிஸ்டம் ஓடுகிற புரோகிராம்களை நிறுத்தி, ரேமில் மிச்சம் இருப்பதைக் கார்டில் எழுதிவிட்டு அடங்கும். அடங்கிய போர்டில் அதே பட்டனை மறுபடி அழுத்தினால் எழுந்து பூட் ஆகும். பட்டன் காலிங் பெல் சுவிட்ச் வகையாக இருக்க வேண்டும்: அழுத்தும்போது சேர்ந்து, கையை எடுத்ததும் பிரிய வேண்டும். அழுத்தினால் அப்படியே நிற்கும் வகை இதற்கு ஆகாது.

ஒயரை 5ஆம் பின்னிலும் 6ஆம் பின்னிலும் செருகுங்கள். போர்டின் ஓரத்தில் இரண்டு வரிசையாக இருக்கும் 40 பின்களில், மெமரி கார்டு பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது ஜோடி. உள்பக்கம் இருப்பது 5, அதாவது ஜிபிஐஓ 3 (ஜிபிஐஓ என்றால் சிக்னல் வாங்கவும் அனுப்பவும் உள்ள பின்); ஓரத்தில் இருப்பது 6, கிரவுண்ட். ஐந்தாம் பின்னில் பட்டனை அழுத்தாதபோது பின்னை 3.3 வோல்ட்டில் வைத்திருக்கும் 1.8 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் போர்டிலேயே இருப்பதால் தனி ரெசிஸ்டர் தேவையில்லை. இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள். மெமரி கார்டு பக்கமாக ஒரு ஜோடி தள்ளிச் செருகிவிட்டால் ஒரு ஒயர் 4ஆம் பின்னில், அதாவது 5 வோல்ட்டில் போய் உட்காரும். ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பட்டனை ஒரு முறை அழுத்தினால் போதும், போர்டு போய்விடலாம். சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டு, வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்துச் செருகுங்கள்.

அப்புறம், பூட் ஆகும்போது போர்டு படிக்கும் கான்ஃபிக் கோப்பில், பட்டனை அழுத்தினால் அணைய வேண்டும் என்று சொல்லும் ஜிபிஐஓ-ஷட்டவுன் ஓவர்லேயைச் சேர்க்கும் ஒரே ஒரு வரி. அதைப் பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் அச்சடித்திருக்கிறோம்; புள்ளி மாறாமல் அப்படியே அடியுங்கள். ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் 2023 இல் வந்த புக்வர்ம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு பூட் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர் என்ற உள்கோப்புறைக்குப் போய்விட்டது. பழைய வீடியோவைப் பார்த்துப் பழைய இடத்தில் எழுதினால் பட்டன் வேலை செய்யாது.

எங்களிடம் கடிகார மாட்யூலோ சின்ன ஓஎல்இடி திரையோ வாங்கியிருந்தால் ஒரு சிக்கல் உண்டு. அவையும் 3, 5 பின்களைத்தான் கேட்கும். அப்போது பட்டனைக் கடைசி ஜோடிக்கு, 39க்கும் 40க்கும், மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கான வரி சீட்டின் பின்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து அணைக்க மட்டுமே முடியும். எழுப்ப, சார்ஜரைக் கழற்றிச் செருக வேண்டும். முழுதாக அடங்கிய பிறகு கழற்றுவதால் கார்டுக்கு ஆபத்தில்லை.

பை 5 வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. போர்டிலேயே பட்டன் இருக்கிறது. அதை நீண்ட நேரம் அழுத்திப் பிடிப்பது ஒயரைப் பிடுங்குவதற்குச் சமம், சிஸ்டம் உறைந்துபோனால் மட்டும் செய்யுங்கள். பெட்டிக்குள் போட்டு மூடியதால் பட்டன் எட்டவில்லையா? கடிகார பேட்டரி கனெக்டருக்கும் போர்டின் ஓரத்துக்கும் நடுவில் ஜே2 என்று இரண்டு துளைகள் இருக்கும். வெளிப் பட்டனை அங்கே சால்டர் செய்துகொள்ளலாம். சால்டரிங் கை பழகாதவர்கள் போர்டைக் கடைக்குக் கொண்டு வாருங்கள், நாங்களே வைத்துத் தருகிறோம். வரும்போது பெட்டியையும் எடுத்து வாருங்கள். எவ்வளவு ஒயர் விட வேண்டும் என்று அதைப் பார்த்தால்தான் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்கள்