அறங்காவலர்களுக்கு: ஆண்டுத் திட்டம் எழுதுவதற்கு முன்

சிறு அறக்கட்டளைகளை நடத்தும் அறங்காவலர்களுக்கு வணக்கம்.

உங்கள் நிதி விண்ணப்பங்களையும் ஆண்டறிக்கைகளையும் படித்துத் திருத்துவது எங்கள் வேலை. பாதிக்கு மேல் முதல் பக்கத்திலேயே தடுக்கிவிடுகின்றன. 'எங்கள் குறிக்கோள்' என்ற தலைப்பின் கீழ், அறக்கட்டளைப் பத்திரத்தின் நோக்கப் பகுதி அப்படியே நகலெடுத்து ஒட்டப்பட்டிருக்கும்.

அந்தப் பகுதியை எழுதியவர் வக்கீல். கல்வி, மருத்துவம், ஏழைகளுக்கு உதவி, சுற்றுச்சூழல் என வருமான வரிச் சட்டம் அறச்செயலாக ஏற்பவற்றை எல்லாம் அவர் அடுக்குவார். அவர் செய்வது சரிதான். வரிவிலக்குப் பதிவின் நிபந்தனைக்கு ஒவ்வாதபடி நோக்கத்தைப் பின்னால் திருத்தினால், 30 நாளுக்குள் வருமான வரித்துறையிடம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டிவரும். ஆக, பத்திரம் அகலமாகவே இருக்கட்டும். வேலையை நடத்தும் குறிக்கோள் குறுகலாக இருக்க வேண்டும்.

மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் குறிக்கோள், தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது. கண்புரை அறுவையில் பொருத்தும் லென்ஸின் விலை அதற்குக் குறுக்கே நின்றது. 1992இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸைத் தாங்களே தயாரித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு எதற்குத் தொழிற்சாலை என்று கேட்டால், குறிக்கோளைக் காட்டினாலே போதும்.

குறிக்கோளை எழுதும் முறை எளிது. பத்திரத்தை மூடி வையுங்கள். ஒவ்வொரு அறங்காவலரும், களப்பணியாளர் இருவரும் தனித்தனித் தாளில், கலந்து பேசாமல், மூன்று கேள்விக்குப் பதில் எழுதட்டும்: யாருக்காக, எந்த ஊர்களில், அவர்கள் வாழ்வில் எது மாற வேண்டும்? பிறகு சத்தமாக வாசியுங்கள். ஏழு தாளில் நான்கு வேறு வேறு பதில் வந்தால் பதற வேண்டாம். அந்தச் சண்டையை நடத்தத்தான் கூட்டம். முடிவாக வருவது 25 சொல்லுக்குள், முதலில் தமிழில் இருக்கட்டும். தலைவர் மனம் கோணக் கூடாதென்று எல்லாவற்றையும் 'மற்றும்' போட்டு இணைத்தால் பழைய பத்திரமே திரும்பி வரும்.

குறிக்கோளுக்கு அடுத்து, இந்த ஆண்டு எதை எட்டுவோம் என்று சொல்லும் இலக்கு. அதுதான் அதிகம் சொதப்பும் இடம். மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் ஓர் அறக்கட்டளையை வைத்துக்கொள்வோம். 'கிராமப்புறக் கல்வித் தரத்தை உயர்த்துதல்' என்பது இலக்கே அல்ல. '40 பயிற்சி முகாம்' என்பதும் அல்ல. அது நீங்கள் செய்யும் வேலை, பிள்ளைக்குக் கிடைப்பது அல்ல. இப்படி எழுதலாம்: '6 மையங்களில் 3 முதல் 5ஆம் வகுப்பு வரை 180 பிள்ளைகள். ஜூலையில் ஒரு பத்தியைத் திக்காமல் வாசித்தவர்கள் 54. மார்ச்சுக்குள் 120 ஆக வேண்டும். பொறுப்பு: மைய ஒருங்கிணைப்பாளர்.' எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிப்படியாகச் சோதிக்கும் வாசிப்புத் தாள், கிராமப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ஏசர் (ASER) ஆய்வினுடையது, தமிழிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். ஜூலைக் கணக்கை எடுக்காமல் விட்டால் மார்ச் எண்ணுக்கு மதிப்பில்லை. பாடம் நடத்துபவரே சோதித்தால் எண் தானாகவே ஏறும். வேறு மையத்து ஆசிரியரை அனுப்புங்கள். இடையில் நின்றுபோன பிள்ளைகளைக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். நீக்கினால் விழுக்காடு உயரும், உண்மை தெரியாது. இந்த அளவுள்ள அறக்கட்டளைக்கு ஆண்டுக்கு மூன்று இலக்கு போதும்.

2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது அதே வேலையை, அதே மாலை நேரத்தில் அரசே கையில் எடுத்தது. அப்படி ஒரு திட்டம் உங்கள் ஊருக்கு வந்தால் குறிக்கோளை மாற்ற வேண்டியதில்லை. இலக்கை மாற்றியாக வேண்டும்.

இன்னொரு தொல்லை மார்ச்சில் வரும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பெருநிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஆண்டு முடியப்போகிறது, 20 தையல் இயந்திரம் தருகிறோம், விழா நடத்துங்கள் என்பார்கள். வாங்கிவிட்டால் பயிற்சியாளர் சம்பளம், பழுது, இடம் எல்லாம் உங்கள் தலையில். படிப்பு மையத்தின் ஒருங்கிணைப்பாளர் ஏப்ரல் முழுக்க பயனாளி பட்டியலோடு அலைவார். மறுத்தால் உறவு கெடும் என்று தயங்க வேண்டாம். 'எங்கள் குறிக்கோளில் இது இல்லை. 180 பிள்ளைகளுக்கு வாசிப்புப் புத்தகம் தேவை' என்று ஒரு பக்கக் கடிதமும் செலவுக் கணக்கும் அன்றே அனுப்புங்கள்.

எழுதி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்திடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும்போது, வரவு செலவுக்கு முன்பாக அந்த மூன்று இலக்கின் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். வரவு செலவை முதலில் எடுத்தால் நேரம் அதிலேயே போய்விடும்.

இப்படிக்கு,
தொண்டு நிறுவனத் திட்ட ஆலோசகர்கள் சிலர்