அப்பாவுக்கு, ஜெர்மனியில் லைசென்ஸ் மாற்றியதைப் பற்றி

ஹாம்பர்க்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லையா?

போனில் பேசும்போது, "நம்ம லைசென்ஸை அவங்க மதிக்க மாட்டாங்களா?" என்று கோபமாகவே கேட்டீர்கள். நானும் அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர் நீங்கள். உங்களுக்கு இதை விவரமாகச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

மதிக்காமல் இல்லை அப்பா. இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் வரை நம் லைசென்ஸிலேயே ஓட்டலாம். அதைத் தாண்டி ஓட்டினால் லைசென்ஸே இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. அபராதம் கட்டிவிட்டு வருகிற விஷயமில்லை, கிரிமினல் வழக்கு. ஓராண்டு வரை சிறைக்குக்கூட சட்டத்தில் இடம் இருக்கிறது. ஜப்பான், தென் கொரியா, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளின் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தேர்வு எழுதாமலே மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் நமக்கு எழுத்துத் தேர்வும் உண்டு, ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு. புதிதாகக் கற்பவர்களுக்குக் கட்டாயமாக இருக்கும் வகுப்புகள் மட்டும் நமக்குக் கட்டாயமில்லை. ஆனால் தேர்வுக்குப் பயிற்சிப் பள்ளியின் காரும் ஆசிரியரும் வேண்டும் என்பதால், ஒரு பள்ளியில் சேராமல் முடியாது.

விண்ணப்பம், லைசென்ஸின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு, புகைப்படம், கண் பரிசோதனை எல்லாம் வழக்கமான அலைச்சல்தான். எனக்குப் பிடித்துப்போனது முதலுதவிப் பயிற்சி. அந்தச் சான்றிதழ் இல்லாமல் இங்கே லைசென்ஸ் கிடையாது. ஒரு முழு நாள் உட்கார வைத்துச் சொல்லித்தருகிறார்கள். தரையில் படுக்க வைத்த பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பழக வேண்டும். விழுந்து கிடப்பவரின் ஹெல்மெட்டை, ஒருவர் கழுத்தைத் தாங்கிக்கொள்ள இன்னொருவர் மெதுவாகக் கழற்ற வேண்டும். அதை நானே செய்து பார்த்தபோது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். வழியில் விபத்தைப் பார்த்தால் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு இறங்கி ஓடுவீர்களே. வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இதைக் கற்றுத்தர வேண்டும் அப்பா, எந்த நாடாக இருந்தாலும்.

எழுத்துத் தேர்வு கம்ப்யூட்டரில். 30 கேள்விகள். தவறுக்கு ஏற்றபடி புள்ளிகள் ஏறும், 10 வரை தாங்கும். ஆனால் ஐந்து புள்ளிக் கேள்வியில் இரண்டு தவறானால் போயிற்று. ஜெர்மன் தவிர வேறு சில மொழிகளிலும் எழுதலாம், தமிழ் அதில் இல்லை. நான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

சரி, இனி ரோட்டுக்கு வருகிறேன். வண்டி வலப்பக்கம் போகும், ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலது கைக்கு. இதெல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடுகிறது. பழகக் கஷ்டமாக இருந்தது முன்னுரிமை விதி. போர்டோ சிக்னலோ இல்லாத சந்திப்பில், உங்களுக்கு வலப்பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் வழி. நீங்கள் அகலமான ரோட்டில் நேராகப் போய்க்கொண்டிருந்தாலும், வலது பக்கச் சின்னத் தெருவிலிருந்து ஒரு கார் மூக்கை நீட்டினால் நின்று வழிவிட வேண்டும். அது பெரிய வண்டியா சின்ன வண்டியா என்ற பேச்சே இல்லை.

அப்புறம் சைக்கிள். வலப்பக்கம் திரும்பும்போது நம் ஓரமாக நேரே போகும் சைக்கிள்காரருக்குத்தான் வழி. அவர் கண்ணாடியில் தெரியாத இடத்தில் இருக்கலாம். அதனால் கண்ணாடியைப் பார்த்த பிறகு கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டராவது இடைவெளி விட வேண்டும், வெளியே இரண்டு மீட்டர். இடம் இல்லையென்றால் பின்னாலேயே போக வேண்டியதுதான். ஹாரனும் ஆபத்தை எச்சரிக்கத்தான், ஊருக்கு வெளியே முந்தப்போவதைத் தெரிவிக்கவும் அடிக்கலாம். அவசரத்தைக் காட்ட அடிக்கக் கூடாது.

ஓட்டும் தேர்வில் பக்கத்தில் ஆசிரியர், பின் சீட்டில் தேர்வாளர். ஆசிரியர் பக்கத்திலும் பிரேக், கிளட்ச் உண்டு. ஆபத்தைத் தவிர்க்க அவர் பிரேக்கை மிதிக்க நேர்ந்தால் தேர்வு தோல்விதான். தேர்வாளர் என் கழுத்தைத்தான் கவனிக்கிறார் என்று ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் திருப்பிக் காட்டினேன். இப்போது தேர்வாளர் இல்லாவிட்டாலும் தானாகவே திரும்புகிறது.

இதையெல்லாம் கற்ற பிறகு எனக்கு வருத்தம் போய்விட்டது. வண்டி ஓட்டத் தெரியும் என்பது வேறு, இந்த ரோட்டில் இருப்பவர்கள் என்னிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிவது வேறு. ஒன்று மட்டும் மனதுக்குச் சங்கடமாக இருந்தது. புது அட்டையைக் கொடுக்கும்போது பழைய லைசென்ஸை வாங்கிக்கொள்கிறார்கள். நீங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்தது. கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் இங்கே வந்தால் சுற்றிப் பார்க்க வருபவர்தானே, இந்தத் தேர்வு எதுவும் உங்களுக்கு வேண்டாம். கிளம்புவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச பெர்மிட் எடுத்துவிடுங்கள், ஓராண்டு செல்லும். அது தனியாகச் செல்லாது, அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். உங்கள் லைசென்ஸ் எப்போது முடிகிறது என்று பார்த்து எழுதுங்கள். வரும் தேதி தெரிந்ததும் கார் இன்சூரன்ஸில் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் அன்பு மகள்