புதிதாக அசெம்பிள் செய்த கணினி மெதுவாக ஓடினால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகள் திறக்கும் பருவத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களிலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் புதிதாக மேசைக் கணினி அசெம்பிள் செய்வோர் கூடுவது வழக்கம். உதிரிபாகங்களை எங்கள் கடையிலேயே வாங்கிப் பூட்டிக்கொள்பவர்களும் உண்டு. சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ இணையத்திலோ வரவழைத்து வீட்டில் தாங்களே பூட்டுபவர்களும் உண்டு. இரு சாராரிடமிருந்தும் வருகிற முறையீடு ஒன்றுதான்: எல்லாம் புதிது, நல்ல விலை கொடுத்து வாங்கியது, ஆனாலும் பழைய கணினியைவிட மெதுவாக ஓடுகிறது என்கிறார்கள். எங்களிடம் வருவதற்குள் பலர் விண்டோஸை ஃபார்மேட் செய்து பார்த்திருப்பார்கள். சிலர் கூடுதல் ரேமுக்குப் பணமும் கொடுத்திருப்பார்கள். அந்தச் செலவும் அலைச்சலும் இனி யாருக்கும் வேண்டாம் என்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறோம்.

புதிய கணினியின் மந்தத்துக்கு உதிரிபாகத்தின் பழுது காரணமாக இருப்பதை நாங்கள் அரிதாகவே காண்கிறோம். பாகங்களைப் பூட்டிய விதத்திலோ பூட்டிய பின் செய்ய வேண்டிய அமைப்புகளிலோதான் பெரும்பாலும் குறை இருக்கும். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், எது திணறுகிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. கணினி திணறுகிற அந்த நேரத்திலேயே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்தில் பிராசஸர், மெமரி, டிஸ்க் ஆகியவற்றில் எது 100 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது என்பதைப் பார்த்து, முடிந்தால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்லோவா இருக்கு' என்ற ஒரு சொல்லைவிட அந்தப் படம் எங்களுக்குப் பல மடங்கு உதவும்.

விண்டோஸ் நிறுவிய முதல் ஓரிரு நாள்களில் தெரியும் மந்தத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்டேட்டுகள் இறங்குவதும், வைரஸ் தடுப்பு எல்லாக் கோப்புகளையும் சோதிப்பதும், தேடலுக்கான பட்டியல் தயாராவதும் அந்த நேரத்தில் பின்னணியில் நடந்துகொண்டிருக்கும். இணைய இணைப்புடன் ஒரு பகல் முழுக்க ஓடவிட்டு, அப்டேட்டுகள் முடிந்ததும் மறுதொடக்கம் செய்த பிறகு சோதியுங்கள்.

அதன் பிறகும் மந்தம் நீடித்தால் முதலில் டிஸ்க்கைப் பார்ப்பதே எங்கள் வழக்கம். பழைய கணினியில் இருந்த ஹார்ட் டிஸ்க்கைப் புதியதிலும் பொருத்தித் தருமாறு ஏறக்குறைய எல்லோரும் கேட்கிறார்கள். கல்யாணப் படங்களும் கணக்குக் கோப்புகளும் அதில்தானே இருக்கின்றன. சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. அந்த ஹார்ட் டிஸ்க்கில் பழைய விண்டோஸ் அப்படியே இருந்தால், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடி, கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரல்) அதையே முதல் டிஸ்க்காக எடுத்துக்கொண்டு அதிலிருந்தே கணினியைத் தொடங்கிவிடக்கூடும். விலை கொடுத்து வாங்கிய எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத, வேகமான புதுவகை டிஸ்க்) அப்போது வெறும் சேமிப்பிடமாக ஒதுங்கிக் கிடக்கும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சராசரியாக 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது, எஸ்.எஸ்.டி.யிலோ அதில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேட வேண்டியிருப்பதால், இந்த வேறுபாடு நிமிடக்கணக்கில் நம் கண்ணுக்குத் தெரிகிறது. டாஸ்க் மேனேஜரில் சி டிரைவ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது, அது எஸ்.எஸ்.டி.யா ஹார்ட் டிஸ்க்கா என்று எழுதியே இருக்கும். ஹார்ட் டிஸ்க் என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது, எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸை நிறுவி, பயாஸில் அதை முதல் டிஸ்க்காக அமைத்தால் போதும்.

விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில் இருந்தும் கோப்புறைகளைத் திறக்கும்போது கணினி உறைந்து நின்றால், கூடவே பொருத்தியிருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க் சாகும் தறுவாயில் இருக்கலாம். கெட்டுப்போன இடத்தை அது திரும்பத் திரும்பப் படிக்க முயலும்போது, அதன் பதிலுக்காக விண்டோஸும் காத்துக் கிடக்கும். கணினியை அணைத்து, அந்த டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வேகம் திரும்பினால், அடுத்த வேலை அதிலுள்ள படங்களையும் கோப்புகளையும் வேறிடத்துக்கு நகலெடுப்பதுதான். அதைத் தயவுசெய்து ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கணினியின் மந்தத்தைச் சரிசெய்துவிடலாம். அழிந்த படங்களை எந்தக் கடையாலும் உறுதியாக மீட்டுத் தர முடியாது.

மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் ஸ்டுடியோ நடத்துபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நேரடியாக வீடியோ எடிட் செய்யும்போது, அதைப் பழைய யு.எஸ்.பி. 2.0 துளையில் செருகியிருந்தால் விநாடிக்கு 35 அல்லது 40 எம்பி மட்டுமே வந்து சேரும். எவ்வளவு உயர்ந்த பிராசஸர் இருந்தாலும் அது காத்திருக்கத்தான் செய்யும். 3.0 துளைகள் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். கேபினெட்டின் முன்புறத்தில் நீலத் துளை இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், அதற்கான தடித்த கேபிளை மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் பொருந்தும் முதன்மைப் பலகையில்) செருகாமல் விட்டிருக்கலாம்.

ரேமைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. தேவைக்கு மேல் பேசப்படுகிறது என்பது எங்கள் எண்ணம். உண்மையில் கவனிக்க வேண்டியவை சிலவே. இரண்டு 8 ஜிபி ரேம் போட்டும் 8 மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் ஒரு ரேம் சரியாக அமரவில்லை; கழற்றி, இருமுனையிலும் பிடிப்பு விழும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும். நான்கு துளைகள் உள்ள மதர்போர்டில் இரண்டு ரேம் போடும்போது, பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் போடச் சொல்வதே பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். முதல் இரண்டு துளைகளிலோ கடைசி இரண்டு துளைகளிலோ போட்டுவிட்டால் இரண்டும் ஒரே வழியில் ஓடி, தரவுப் பாதை 128 பிட்டுக்குப் பதிலாக 64 பிட்டாகச் சுருங்கும். ரேமின் அட்டையில் 3200 என்று அச்சிட்டிருந்தாலும், பயாஸில் எக்ஸ்.எம்.பி. அமைப்பை இயக்காதவரை அது 2133, 2400, 2666 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடக்கூடும். ரேமின் புதிய தலைமுறையான டி.டி.ஆர். 5 வகையில் 6000 என்று வாங்கியது 4800-இல் ஓடுவதும் இதனால்தான், ஏ.எம்.டி. பலகைகளில் இந்த அமைப்பு எக்ஸ்போ என்ற பெயரில் இருக்கும். ஆயினும் கணக்கு மென்பொருளும் இணையமும் மட்டுமே பயன்படுத்துபவருக்கு இந்த வேறுபாடு உணரும் அளவுக்குத் தெரியாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல், பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸையே நம்பி விளையாடுபவருக்கு அது நன்றாகவே தெரியும், ஏனெனில் அந்த கிராஃபிக்ஸ் தனக்கு வேண்டிய நினைவகத்தையும் இந்த ரேமிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கணினி சூடானால் அணைந்துவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அணைவது கடைசிக் கட்டம். அதற்கு வெகுமுன்பே பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்டெல் பிராசஸர்களில் பலவற்றுக்கு இந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை கடும் வேலையின்போது 95 டிகிரி வரை செல்லும்படியே வடிவமைக்கப்பட்டவை; ஆகவே அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். கவலைப்பட வேண்டிய அடையாளம் வேறு: டாஸ்க் மேனேஜரில் பிராசஸரின் பயன்பாடு 100 சதவீதத்தில் நிற்கும்போது அதன் வேகம் அடிப்படை வேகத்துக்கும் கீழே, சில சமயம் 1 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கி நிற்கும். இதற்கு நாங்கள் அதிகம் காணும் காரணங்கள் மிக எளியவை. பிராசஸரின் மேல் அமர்ந்து அதைக் குளிர்விக்கும் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரிக்காமலே பொருத்தியிருப்பார்கள். அல்லது இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று மதர்போர்டைத் துளைத்து மறுபுறம் வராமல் நிற்க, கூலர் ஒரு பக்கம் தூக்கியபடி இருக்கும். மேலிருந்து பார்த்தால் நான்கும் அமர்ந்தது போலவே தோன்றும் என்பதால், கேபினெட்டின் பின்தகட்டைக் கழற்றி மறுபுறத்திலிருந்து பார்ப்பதே சரியான சோதனை. கூலரை ஒருமுறை கழற்றினால் பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாக இட வேண்டும். விலை குறைந்த மதர்போர்டில் மிக உயர்ந்த பிராசஸரைப் பொருத்தினால், மின்சாரம் வழங்கும் பகுதி தாங்காமல் இதே போன்ற வேகக்குறைவு ஏற்படலாம். அதற்குக் கூலரை மாற்றுவது தீர்வாகாது. அந்த இணையை வாங்கும் முன்பே எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேம் விளையாடும்போதும் வீடியோவின்போதும் மட்டுமே மந்தம் என்றால், மானிட்டரின் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ. துளையில் இருந்தால், பல ஆயிரம் கொடுத்து வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு பெரும்பாலும் வேலையின்றி இருக்கும். கீழே, கிராஃபிக்ஸ் கார்டில் உள்ள துளைக்கு மாற்றி, அதற்குரிய டிரைவரையும் (அதை இயக்கும் மென்பொருளையும்) நிறுவுங்கள்.

இணையப் பக்கங்கள் மட்டும் மெதுவாகத் திறந்து, கணினியில் உள்ள கோப்புகள் உடனே திறந்தால் குறை கணினியின் வேகத்தில் இல்லை, இணைய இணைப்பில்தான். வைஃபை உள்ள மதர்போர்டின் பெட்டியில் ஆன்டெனா தனியாக வரும். அது பெட்டியோடு பரணில் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. தேடி எடுத்துப் பின்புறம் திருகிப் பொருத்துங்கள்.

வோல்டேஜ் குறைவதால் கணினி மெதுவாகிறது என்று குலசேகரம், அருமனைப் பக்கத்து வாடிக்கையாளர்கள் சிலர் உறுதியாக நம்புகிறார்கள். மின்விசிறி அப்படி மெதுவாகச் சுழலும். கணினி அவ்வாறு இயங்குவதில்லை. கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். உள்ளே அனுப்பும் மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும். தாங்க முடியாத அளவுக்கு வோல்டேஜ் இறங்கினால் கணினி அணையும் அல்லது மறுதொடக்கம் ஆகும். ஆகவே மந்தத்துக்காக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டாம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றும் புதிய கணினியின் மந்தத்துக்குக் காரணமாகாது; அதன் அரிப்பு காலப்போக்கில் வருவது.

பணம் கட்டாத மென்பொருளைத் திறக்க இணையத்தில் கிடைக்கும் 'ஆக்டிவேட்டர்', 'கிராக்' ஆகியவற்றோடு, உங்கள் பிராசஸரைக் கொண்டு பிறருக்கு கிரிப்டோ நாணயம் ஈட்டித் தரும் நிரல்களும் சில வேளை நுழைந்துவிடுகின்றன. கணினி சும்மா இருக்கும்போது மின்விசிறி இரைந்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கினால் இதைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு நிலையில் மட்டும், கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு முழுதாக ஃபார்மேட் செய்வதையே நாங்களும் பரிந்துரைக்கிறோம்.

இவற்றைப் பார்த்தும் சரியாகாவிட்டால், பாகங்களை எங்கே வாங்கியிருந்தாலும் தயங்காமல் கொண்டுவாருங்கள். டாஸ்க் மேனேஜர் படத்தையும், மதர்போர்டு பெட்டியையும், பாகங்களின் பில்களையும் எடுத்துவாருங்கள். ஏதேனும் பாகம் உண்மையிலேயே பழுது என்றால் வாரண்டிக்கு அவை வேண்டும். பேருந்திலோ ஆட்டோவிலோ கொண்டுவரும்போது கேபினெட்டை நிமிர்த்தி வைக்காமல், கண்ணாடிப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்துக் கொண்டுவாருங்கள். எடை மிகுந்த கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதைக் கழற்றித் தனியே அதன் பெட்டியில் வைப்பது நல்லது. மேடுபள்ளத்தில் குலுங்கினால் அது பொருந்தியிருக்கும் துளையே உடைந்துபோகக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
கடை நிர்வாகத்தினர் மற்றும் பழுதுநீக்கும் பிரிவினர்,
நாகர்கோவில்.