பறவை பார்க்க ஓத நேரமும் தெரிய வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வலசைப் பருவம் வந்தால் சரணாலயங்களைப் பற்றிய கட்டுரைகள் தவறாமல் 'அதிகாலையில் போங்கள்' என்கின்றன. மரக்கிளைகளில் திரியும் சிறு பறவைகளுக்கு அது சரி. கழிமுகங்களிலும் கடலோரச் சேற்றுவெளிகளிலும் இறங்கும் உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் வகைகளுக்கு ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவதுதான் கடிகாரம்.

நீர் வற்றியிருக்கும்போது அவை சேறு முழுக்கச் சிதறி, தொலைவில் வெறும் புள்ளிகளாகத் தெரியும். கடல் ஏற ஏறச் சேறு மூழ்கி, தாமாகவே கரைப்பக்கம் ஒதுங்கும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் அமர்ந்துவிட்டால் பறவை நம்மைத் தேடி வரும். உச்சத்தில் போய் நின்றால், அலகை முதுகிறகில் செருகித் தூங்கும் கூட்டத்தைத்தான் காணலாம். அலகு தெரியாமல் உள்ளான்களை இனம் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே கடினம். நாளுக்கு இரண்டு ஏற்றம் வரும் கரைகளில் அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சென்ற ஞாயிறு காலை 8 மணிக்கு ஏற்றம் என்றால், இந்த ஞாயிறு அதே 8 மணிக்கு ஏறக்குறைய வற்றம்! 'போன வாரம் ஆயிரக்கணக்கில் இருந்ததாமே, இன்று ஒன்றுமில்லையே' என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

ஏமாந்தவர்கள் அடுத்துச் செய்வது சேற்றில் இறங்குவது. கூட்டம் மொத்தமாக எழும்பும், படமும் அழகாக விழும். ஆனால் எழும்பும் ஒவ்வொரு முறையும் கரைவது பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. தூரத்தை 11 நாளில், எங்கும் இறங்காமல் கடந்தது கண்காணிப்புக் கருவியில் பதிவானது. வழியில் உணவில்லை; உடலில் சேர்த்ததுதான் எரிபொருள். ஆகவே மேய்ந்துகொண்டிருந்தவை தலையைத் தூக்கினால் நில்லுங்கள். நடந்து விலகினால் பின்வாங்குங்கள். வானம் பின்னணியாகத் தெரிய மேட்டில் நிற்பதைவிடக் குந்தியிருப்பது நல்லது. வண்டி போக அனுமதியுள்ள பாதையானால் உள்ளேயே இருந்து பாருங்கள்; கதவைத் திறந்து ஆள் இறங்கியதும் பறந்துவிடும்.

பைனாகுலருக்கு 8x42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) போதும். 10 மடங்கில் கைநடுக்கமும் பெரிதாகும். பலர் தொடாமலே விடுவது கண் வித்தியாசத்தைச் சரிசெய்யும் வளையம். அது வலக்கண் பக்கம் இருக்கும் கருவியில், வலப்புற முன்வில்லையை மூடி நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்புறத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதைச் செய்யாததால் வரும் தலைவலிக்குக் கருவியைத் திட்டிப் பயனில்லை.

இறகு நிறத்தை நம்ப வேண்டாம். கோடையில் செங்கல் நிறத்திலிருக்கும் வளைமூக்கு உள்ளான் குளிர்காலத்தில் சாம்பல். அலகின் நீளமும் வளைவும், கால் நிறம், இரை கொத்தும் விதம் இவையே துணை. காலில் வண்ணப் பட்டை இருந்தால், பறவையின் எந்தக் கால், மேலிருந்து கீழாக என்ன நிற வரிசை என்று குறித்துக்கொண்டு, பறவைகளுக்கு அடையாள வளையமிடும் திட்டத்தாருக்கு எழுதுங்கள்.

தங்கள் நாளிதழ் உதயம், அத்தமன நேரங்களை அச்சிடுகிறது. வலசை மாதங்களில் மட்டுமாவது அதன் கீழே கடலேற்ற நேரத்தையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்