கருங்கல் சிதைந்து உருவான மேட்டுநில மண்ணை அளப்போருக்கு ஒரு திறந்த மடல்

மண் ஆய்வறிக்கைகளையும், அவற்றை அடிப்படையாகக் கொண்டு உரம், பாசனம், சரிவுநிலப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான பரிந்துரைகளையும் தயாரிக்கும் வல்லுநர்களுக்கு,

வணக்கம்.

கருங்கல் (கிரானைட்) பாறை நின்ற இடத்திலேயே சிதைந்து உருவான மேட்டுநில மணற்பாங்கான மண்ணுக்கு நீங்கள் வழங்கும் அறிக்கைகளில், மேல்மண்ணின் வளம் இருப்பதைவிடக் கூடுதலாகவும் அடிமண்ணின் பயன் இருப்பதைவிடக் குறைவாகவும் பதிவாகிறது என்பதே இந்த மடலின் முறையீடு. எல்லா மண்ணுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட ஆய்வுமுறையை, அதற்கு அவ்வளவாகப் பொருந்தாத ஒரு மண்ணிலும் மாற்றமின்றிக் கையாள்வதால் இந்தப் பிழை நேர்கிறது. களிமண்ணிலோ ஆற்று வண்டலிலோ இதே முறை பெரிய தீங்கு செய்வதில்லை. இந்த மண்ணில் அது பரிந்துரையையே திசைமாற்றிவிடுகிறது.

முதலில் சல்லடையை எடுத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்துக்கு வரும் மாதிரியை உலர்த்தி, உலக்கையால் மெல்லத் தட்டி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கீழே விழும் நுண்மண்ணை மட்டுமே நீங்கள் சோதிக்கிறீர்கள். சல்லடைமேல் தங்குவது குப்பைக்கூடைக்குப் போகிறது. கருங்கல் மண்ணில் அப்படித் தங்குவது சிறு அளவு அல்ல. கூர்முனை மழுங்காத வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) துண்டுகளும், ஃபெல்ட்ஸ்பார் என்னும் வெளிறிய கனிமத்தின் துணுக்குகளும், ஆங்காங்கே மின்னும் காக்காப்பொன் ஒட்டிய பாறைச் சில்லுகளும் சேர்ந்து, பல இடங்களில் மண்ணின் பருமனில் மூன்றில் ஒரு பங்கையும் அதற்கு மேலும் அடைத்துக்கொண்டிருக்கும். அந்தச் சரளை நீரையும் ஊட்டத்தையும் ஏறக்குறையத் தாங்குவதே இல்லை. ஆனால் நிலத்தில் அது இடத்தை அடைத்திருக்கிறது என்பதை அறிக்கை படிக்கிறவர் எங்கும் அறிய முடிவதில்லை.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நுண்மண் மட்டும் தன் பருமனில் 12 விழுக்காடு பயிருக்குக் கிடைக்கும் நீரைத் தாங்கும் எனக் கொண்டால், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் 36 மில்லிமீட்டர் நீர் இருப்பதாக அறிக்கை சொல்லும். அந்த ஆழத்தின் பருமனில் 40 விழுக்காடு சரளையாக இருந்தால் உண்மையில் இருப்பது ஏறத்தாழ 22 மில்லிமீட்டர்தான். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீரை எடுக்கும் பயிர் ஒரு வாரம் தாங்கும் என்று எழுதப்பட்ட நிலத்தில் நான்கே நாளில் வாடத் தொடங்கிவிடும். ஊட்டச்சத்துக் கணக்கும் இப்படியே பிசகுகிறது. ஒரு எக்டேரில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 20 லட்சம் கிலோ மண் இருப்பதாகக் கொண்டு கிலோ கணக்கில் சத்தின் அளவைச் சொல்வது வழக்கம். மேற்சொன்ன நிலத்தில் சத்தைத் தாங்கும் நுண்மண் 13 லட்சம் கிலோவைத் தாண்டாது. சல்லடைமேல் தங்கியதை எறிவதற்கு முன்பு நிறுத்து, அந்த எண்ணை அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும். மிச்சத்தைப் படிக்கிறவரே திருத்திக்கொள்ள முடியும்.

உலக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பாதி சிதைந்த ஃபெல்ட்ஸ்பார் துணுக்கு பார்வைக்குக் கல்லாகவே தெரியும்; விரல் நகத்தால் அழுத்தினால் வெள்ளை மாவாக உதிரும். சற்று ஓங்கித் தட்டினாலே இத்தகைய துணுக்குகள் நொறுங்கி வண்டலாகவும் களியாகவும் கணக்கில் ஏறிவிடுகின்றன. ஒரே குழியிலிருந்து எடுத்த மண்ணை ஒருவர் மெல்லத் தட்டினால் சரளைகலந்த மணலாகவும் இன்னொருவர் ஓங்கித் தட்டினால் இருமண் பாங்காகவும் (மணல், வண்டல், களி கலந்த மண்ணாகவும்) முடிவு வருவதில் வியப்பில்லை. தட்டும் முறையை வரையறுத்து எழுதிவைக்காதவரை, இந்த மண்ணுக்கு நீங்கள் தரும் மணல், வண்டல், களி விகிதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளில்லை.

இந்த மண் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது பாறை உடையும் விதத்தில் இருக்கிறது. கருங்கல்லின் கனிமங்கள் ஒரே வேகத்தில் சிதைவதில்லை. 1938இல் புவியியலாளர் கோல்டிச் வகுத்த சிதைவு வரிசைப்படி, கருநிறக் காக்காப்பொன்னும் சுண்ணாம்புச்சத்து மிகுந்த ஃபெல்ட்ஸ்பாரும் முன்னதாகவும், சாம்பல்சத்து கொண்ட ஃபெல்ட்ஸ்பார் பின்னதாகவும் சிதைகின்றன. வெங்கச்சங்கல் கடைசிவரை நிற்கிறது. கருநிறக் காக்காப்பொன் நீரை ஏற்று, தன்னிலுள்ள இரும்பு துருவேற, ஏடு ஏடாக விரியும்போது அந்த விரிவே சுற்றியுள்ள கனிமமணிகளின் பிணைப்பைத் தளர்த்திவிடுகிறது. ஃபெல்ட்ஸ்பார் முழுமையாகக் களியாக மாறுவதற்கு வெகு முன்பே பாறை மணிமணியாக உதிர்வது இதனால்தான். எனவே இந்த மண்ணின் மணல் காற்றோ ஆறோ உருட்டிக் கொண்டுவந்து சேர்த்த மணலைப் போன்றதன்று. மணிகள் கோணல்மாணலாக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும். அவற்றினூடே இன்னும் சிதைந்துகொண்டிருக்கும் கனிமங்களும் கலந்திருக்கும்.

அடிமண்ணைப் பற்றிய குறை இதைவிடப் பெரிது. ‘50 சென்டிமீட்டர் ஆழத்தில் பாறை’ என்று பல அறிக்கைகள் முடித்துவிடுகின்றன. அங்கே இருப்பது பெரும்பாலும் கடும்பாறை அன்று, சிதைபாறை: பாறையின் வரிகளும் விரிசல்களும் கனிம அமைப்பும் அப்படியே இருக்க, உள்ளே கரைந்துபோனவை போக எடையை இழந்து, மண்வெட்டியால் வெட்டக்கூடிய அளவுக்குத் தளர்ந்த பொருள். நல்ல கருங்கல்லின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.65 கிராம், நன்கு சிதைந்த பாறையில் அது 1.5 அளவுக்கும் இறங்கிவிடும். பருமன் மாறாமல் எடை குறைந்திருக்கிறது என்றால், இடைப்பட்டதெல்லாம் நீர் நிற்கக்கூடிய இடம். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில், மழையே இல்லாத நீண்ட கோடையில் ஊசியிலை மரங்கள் மேல்மண் வறண்ட பின்னரும் இந்தச் சிதைபாறையில் தேங்கிய நீரைக் கொண்டே உயிர்தரிக்கின்றன. மரவேர்கள் பழைய பாறை விரிசல்கள் வழியே தட்டையாகப் படர்ந்து இறங்குவதைச் சாலை வெட்டிய சரிவுகளில் யாரும் பார்க்கலாம். ஓராண்டுப் பயிருக்கு அந்த நீர் எட்டாமல் போகலாம். மரப்பயிரைப் பரிந்துரைப்பதா வேண்டாமா என்பதை அதுதான் முடிவுசெய்கிறது. அதைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டு ‘ஆழமற்ற மண், மரத்துக்கு ஏற்றதன்று’ என்று எழுதுவது நியாயமாகாது.

கிணற்றுக்கு இடம் பார்ப்பவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. சிதைபாறையின் மேற்பகுதியில் களி கூடுதலாக இருப்பதால் நீர் மெல்ல நகரும். அடிப்பகுதியில், கடும்பாறையை ஒட்டிய உதிரிச் சரளையிலும் அதன் கீழுள்ள விரிசல்களிலும்தான் ஊற்று நன்றாக ஓடும்.

சிதைபாறையின் ஆழம் ஒரே நிலத்தில் சில மீட்டர் தூரத்துக்குள்ளாகவே பெரிதும் மாறும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நீர் விரிசல்கள் வழியே இறங்கிச் சிதைப்பதால், விரிசல் நெருக்கமான இடத்தில் சிதைவு ஆழமாகப் போகிறது. விரிசல்கள் விலகியிருக்கும் இடத்தில் நடுவே உருண்டைப் பாறைகள் சிதையாமல் மண்ணுக்குள் தங்கிவிடுகின்றன. துளைக்கருவி அத்தகைய ஓர் உருண்டையில் முட்டி நின்றால் அதையே அடிப்பாறை என்று குறித்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. இரண்டடி தள்ளித் துளைத்தால் கருவி ஆளுயரம் இறங்கியிருக்கும். ஒரு வயலுக்கு ஒரு துளை என்ற கணக்கு இந்த மண்ணில் எதையும் நிறுவாது.

ஊட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதுபவற்றுள் பெரும்பகுதி சரியே. களி குறைவு, இருக்கும் களியும் பெரும்பாலும் கயோலினைட் என்னும் பிடிப்புத்திறன் குறைந்த வகை. ஆகவே ஊட்டத்தைப் பிடித்துவைக்கும் அயனிப் பரிமாற்றத் திறன் மிகக் குறைவு. தழைச்சத்தை ஒரே தவணையில் இட்டால் அடுத்த கனமழை அதை வேர்மண்டலத்துக்குக் கீழே கொண்டுபோய்விடும். இந்த மண்ணில் பரிமாற்றத் திறனின் கணிசமான பங்கு மக்கிய அங்ககப் பொருளைச் சார்ந்தே இருப்பதால், தொழு உரத்தையும் மூடாக்கையும் வெறும் துணைப் பரிந்துரையாக அறிக்கையின் கடைசி வரியில் போடாமல் முதல் வரிக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆனால் சாம்பல்சத்து, சுண்ணாம்புச்சத்து இரண்டிலும் உங்கள் அட்டவணைகள் இந்த மண்ணோடு ஒத்துப்போவதில்லை. மண்ணில் தளர்வாக ஒட்டியிருக்கும், அதாவது பரிமாற்ற நிலையிலுள்ள, சாம்பல்சத்தை மட்டும் அளந்து ‘குறைவு’ என்று குறிக்கிறீர்கள். ஃபெல்ட்ஸ்பாரிலும் காக்காப்பொன்னிலும் பூட்டிக் கிடந்து மெல்ல வெளிவரும் இருப்பு அந்தச் சோதனையில் தெரிவதில்லை. இளம் சிதைபாறை ஆழமின்றி அமைந்த நிலத்துக்கும், பல்லாயிரம் ஆண்டுகள் கழுவப்பட்டு வெங்கச்சங்கல்லும் கயோலினைட்டும் மட்டுமே மிஞ்சிய நிலத்துக்கும் ஒரே அளவு பொட்டாஷைப் பரிந்துரைப்பது இதனால்தான் பொருந்தாமல் போகிறது. மாறாகச் சுண்ணாம்புச்சத்தும் மக்னீசியமும் கருங்கல்லிலேயே சொற்பம். இளகிய இம்மண்ணில் விழுது எளிதாக இறங்கும் என்பதற்காகவே நிலக்கடலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காய் உருவாகும் மேல்மண்ணில் சுண்ணாம்புச்சத்து இல்லாவிட்டால் காய் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே பருப்பின்றிப் பொக்காகப் போகும். நிலக்கடலைக்கு ஜிப்சத்தை எந்தப் பருவத்தில், செடியின் எந்த இடத்தில் இட வேண்டும் என்பதை இந்த மண்ணுக்கான அறிக்கை சொல்லாமல் விடக் கூடாது. கந்தகமும் போரானும் துத்தநாகமும் இதே வகையில் பற்றாக்குறையாகும்.

அமிலத்தன்மையைத் திருத்தும்போது அளவுக்கு மிஞ்சிவிடுவது இந்த மண்ணில் எளிது. கார அமில நிலை மாறுவதைத் தடுக்கும் தாங்கு திறன் குறைந்த மண் ஆதலால் களிமண்ணுக்குத் தேவைப்படுவதில் சிறு பங்கு சுண்ணாம்பே அந்த நிலையை உயர்த்திவிடும். களிமண் அட்டவணையைப் பார்த்து இட்டால், ஏற்கெனவே சொற்பமான துத்தநாகமும் மாங்கனீசும் போரானும் பயிருக்கு எட்டாமல் போகும்.

இனி, சரிவு. 1930களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணியலாளர் ஜெஃப்ரி மில்ன், மேட்டின் உச்சியிலிருந்து பள்ளம்வரை மண் ஒரு தொடராக மாறிச்செல்வதை வகுத்துக் காட்டினார். கருங்கல் நிலத்தில் அந்தத் தொடர் கண்ணால் பார்க்கக்கூடியதாகவே இருக்கும்: உச்சியில் பாறையை ஒட்டிய பருமணல், நடுச்சரிவில் சற்று ஆழமான செம்மணல், அடிச்சரிவில் நீர் கசிந்து வெளிறிய மண், பள்ளத்தில் மழைக்காலம் முழுதும் நீர் தேங்கும் சாம்பல்நிற மண். ஜிம்பாப்வேயின் கருங்கல் மேட்டுநிலங்களில் இந்தப் பள்ளங்களை நம்பியே வறண்ட மாதங்களில் தோட்டப்பயிர் செய்யப்படுகிறது. மாதிரி எடுத்த இடம் சரிவில் எங்கே இருந்தது என்று குறிக்காத அறிக்கையால், நூறு மீட்டர் தள்ளியிருக்கும் நிலத்துக்குக்கூடப் பயனில்லை.

அரிப்பைப் பற்றி எழுதும்போது உங்கள் ஆவணங்களில் ‘நீர் எளிதில் உள்ளிறங்கும், எனவே அரிப்பு குறைவு’ என்ற வாக்கியம் அடிக்கடி தென்படுகிறது. வேர்ப்பின்னலும் சருகும் மூடியிருக்கும்வரை அது உண்மை. மூடாக்கை அகற்றியபின் மழைத்துளி அடித்து மேற்பரப்பு இறுகி ஓடுநீர் தொடங்கிவிட்டால், களியின் பிடிப்பு இல்லாத இந்த மணல் வெகு சீக்கிரம் வாய்க்கால் எடுத்துக்கொள்ளும். வாய்க்கால் சிதைபாறையைத் தொட்டுவிட்டால் கரைகள் மேலிருந்து சரிய, ஓடை பின்னோக்கி மேட்டைத் தின்றுகொண்டே போகும். தென்சீனத்தின் குவாங்டோங், ஃபூஜியான், ஜியாங்சி மாகாணங்களின் கருங்கல் குன்றுகளில் இப்படிச் சரிந்து குடைந்த பெரும் ஓடைகள் ஏராளம். அமெரிக்காவின் ஐடஹோவில் சால்மன் ஆற்றின் தென்கிளைப் பள்ளத்தாக்கில், மரம் வெட்ட அமைத்த சாலைகளிலிருந்து 1960களின் நடுவில் பெய்த கனமழையில் அரித்துவந்த மணல், சால்மன் மீன்கள் முட்டையிடும் ஆற்றுப்படுகையை மூடிவிட்டது. அதன்பின் அங்கே மரம் வெட்டுவதையே நிறுத்திவைக்க நேர்ந்தது.

சாலைச்சரிவு விஷயத்தில் இந்த மண் ஏமாற்றக்கூடியது. கோணல் மணிகள் கோத்து நிற்பதாலும், இடையிலுள்ள சிறிதளவு ஈரத்தின் உறிஞ்சுவிசையாலும், வெட்டிய சரிவு ஏறக்குறையச் செங்குத்தாக மாதக்கணக்கில் நிற்கும். முழுக்க நனைந்ததும் அந்த விசை மறைந்துவிடும். 2014 ஆகஸ்ட் 20 அன்று அதிகாலையில் ஜப்பானின் ஹிரோஷிமாவில் சில மணி நேரம் கொட்டிய மழையில், பெரும்பாலும் சிதைந்த கருங்கல்லாலான குன்றுகளின் சரிவுகள் இடிந்து குடியிருப்புகளின்மேல் பாய்ந்து 70க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோடையில் உறுதியாக நின்றதை வைத்து ஒரு சரிவை உறுதியானது என்று சான்றளிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வது மிகையாகாது என்று நம்புகிறேன்.

இவற்றுக்காகப் புதிய கருவிகளோ தனி ஆய்வுக்கூடமோ தேவையில்லை. சரளையின் எடை, தட்டும் முறை, சரிவில் மாதிரியின் இடம், சிதைபாறை தொடங்கும் ஆழம், மண்வெட்டி நுழையாத கடும்பாறையின் ஆழம் ஆகியவற்றுக்கு அறிக்கைப் படிவத்தில் இடம் ஒதுக்கினால் போதும். கடைசி இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதவிடக் கூடாது. ஏற்கெனவே வெளியான அறிக்கைகளை எல்லாம் திருத்துவது இப்போது இயலாது என்றால், மரப்பயிருக்கு ஏற்றதன்று என்று ஒதுக்கப்பட்ட நிலங்களையும், சாலைக்காகவோ கட்டடத்துக்காகவோ சரிவு வெட்ட அனுமதி கோரியுள்ள நிலங்களையும் முதலில் எடுத்துக்கொண்டு, அவற்றில் குறைந்தது ஒரு குழியையாவது கடும்பாறைவரை தோண்டிப் பார்த்த பிறகு இறுதி முடிவைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேட்டுநில மண்ணை நாள்தோறும் தோண்டிப் பார்க்கும் ஒருவர்