காரியஸ்தரிடம் கணக்குக் கேட்கச் சொன்னவர்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பிரெஞ்சு எழுத்தாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் பற்றி வந்த அரைப் பக்கத்தைப் படித்தேன். இப்படி ஒரு ஆளைப் பற்றி நம்ம ஊர்ப் பேப்பரில் வருவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்த அரைப் பக்கத்தில் முக்கால்வாசியை அவருடைய காதல் கதைகளும் சூதாட்டக் கடனும் எடுத்துக்கொண்டன. மிச்சம் இருந்த இடத்தில் அவரை நெப்போலியனிடம் விலைபோன பச்சோந்தி என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். அந்த மனுஷன் அப்படி என்னதான் எழுதினார் என்பதற்கு ஒரே ஒரு வரி. காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் எனக்கு இதில் என்ன வருத்தம் என்று கேட்பீர்கள். அவர் சொன்னதிலேயே பெரிய விஷயம் தோப்புக்காரனுக்குத்தான் சட்டென்று பிடிபடும், அதனால்தான் எழுதுகிறேன்.

பச்சோந்தி விவகாரத்தை முதலில் பார்த்துவிடலாம். 1815 மார்ச் 19-ஆம் தேதி பாரீஸ் பத்திரிகை ஒன்றில் நெப்போலியனை, நாடுகளைச் சூறையாடிய அட்டிலா, செங்கிஸ்கான் என்றெல்லாம் திட்டி எழுதினார். பதவி போய் எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டிருந்த நெப்போலியன், அங்கிருந்து தப்பி மறுநாளே பாரீசுக்குள் வந்துவிட்டார். இவர் ஊரைவிட்டு ஓடி, சில நாளில் திரும்பி, ஏப்ரலில் அதே நெப்போலியன் கூப்பிட்டு அனுப்பவும் போய் உட்கார்ந்து புது அரசியல் சட்டத்தை எழுதிக் கொடுத்தார். ஊரே சிரித்தது, அந்தச் சட்டத்துக்கு இவர் பெயரையே பட்டமாகச் சூட்டினார்கள். போதாக்குறைக்குக் கான்ஸ்டன்ட் என்ற சொல்லுக்கே நிலையாக இருப்பவர் என்றுதான் அர்த்தம்! இதெல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் இருந்ததையும் சொல்லியிருக்க வேண்டும். எழுதுவதை அச்சுக்கு முன்னால் அரசாங்கத்திடம் காட்ட வேண்டியதில்லை, பத்திரிகைக் குற்றத்தைக் குடிமக்களிலிருந்து எடுத்த ஜூரிதான் விசாரிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. 1800-ல் நெப்போலியன் புதிதாக ஆட்சிக்கு வந்திருந்தபோது சபையில் எழுந்து எதிர்த்துப் பேசி, 1802-ல் வெளியே தள்ளப்பட்டவரும் இவர்தான். நம்ம ஊரில் கட்சி மாறுகிறவர் துண்டோடு சேர்த்துப் பேச்சையும் மாற்றிக்கொள்வார். இவர் மாற்றியது ஆளைத்தான், கேட்டதை மாற்றவில்லை. அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைவிட அது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பாருங்கள், சில பாரங்கள் எந்த மனுஷன் கைக்கும் தாங்காது என்று அதே 1815-ல் எழுதினார். ராஜா கையில் இருந்தாலும் சரி, மக்கள் பெயரைச் சொல்கிறவர் கையில் இருந்தாலும் சரி.

சரி, தோப்புக்கு வருகிறேன். 1819-ல் பாரீசில் அவர் ஒரு சொற்பொழிவு செய்தார், பழைய காலத்தாரின் சுதந்திரத்தையும் நம் காலத்துச் சுதந்திரத்தையும் ஒப்பிட்டு. பழைய கிரேக்கத்தில் சுதந்திரம் என்றால் மந்தையில் கூடி நேரடியாகச் சட்டம் போடுவது, போர் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது. ஆனால் ஒருவன் சொந்த வீட்டு விஷயத்தில்கூட ஊர் தலையிடலாம். நமக்கோ சுதந்திரம் என்றால் நம் தொழில், நம் சாமி, நம் பேச்சு, நம் வீடு, இதில் எவனும் கை வைக்கக்கூடாது என்பது. அடிமைகள் வேலை பார்த்ததால்தான் ஏதென்சில் 20,000 பேர் தினமும் மைதானத்தில் கூடிப் பேச முடிந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. நமக்கு அந்த நேரம் இல்லை, அதனால் பிரதிநிதிகளை வைத்துக்கொள்கிறோம். இங்கேதான் அந்த உவமை வருகிறது. ஏழை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறான், பணக்காரன் காரியஸ்தர் வைத்துக்கொள்கிறான். ஆனால் புத்தியுள்ள பணக்காரன் காரியஸ்தர் ஒழுங்காக இருக்கிறாரா, சோம்பேறியா, கை நீளமா என்று விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பான்.

எங்கள் சித்தப்பா பெங்களூரில் வேலையில் இருந்தபோது தோப்பை ஒரு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வருஷத்துக்கு ஒரு தடவை, காய் பறிக்கும் சமயத்தில் வருவார். ஒரு வருஷம் நானும் கூடப் போனேன். எல்லையோரம் இருந்த பெரிய மரங்களில் இரண்டைக் காணோம். அடிமரத்தின் மேல் சேற்றைப் பூசி, அதன்மேல் சருகைக் கொட்டியிருந்தார்கள். கேட்டால் காற்றில் சாய்ந்துவிட்டது என்றார் அந்த ஆள். சித்தப்பாவுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். எந்த மாசம் போனது என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை.

இப்போது என் கதை. அக்டோபர் 2 கிராம சபைக்குப் போனேன். சாமியானா, ஐம்பது நாற்காலி, ஒரு மைக். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை வரிசையில் நிறுத்தி நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள், தீர்மானங்கள் முன்பே டைப் அடித்துத் தயாராக இருந்தன. வரவு செலவுக் கணக்கை வாசியுங்கள் என்றேன். 'ஃபிளெக்ஸ் போட்டு வெச்சிருக்கோம் சார், பார்த்துக்கோங்க' என்றார்கள். அந்த ஃபிளெக்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. அதைத் திருப்பச் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்குக் காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாணம், பந்தி போய்விடுமே என்று கிளம்பிவிட்டேன். நம் காலத்துச் சுதந்திரத்துக்கு இருக்கும் ஆபத்து என்று கான்ஸ்டன்ட் சொன்னது இதைத்தான். சொந்த வேலையிலும் சொந்தச் சந்தோஷத்திலும் மூழ்கி, ஆட்சியில் நமக்குள்ள பங்கை ரொம்பச் சுலபமாக விட்டுக் கொடுத்துவிடுவோம் என்றார். ஆள்கிறவர்களும் உங்களுக்கு ஏன் இந்தத் தொல்லை, உங்கள் சந்தோஷத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். வேண்டாம், அவர்கள் நியாயமாக இருந்தால் போதும், சந்தோஷமாக இருப்பதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லச் சொன்னார்.

அவருடைய நாவல் 'அடால்ஃப்' (1816) பற்றியும் காதல் கதை என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். இங்கிலீஷில் படித்தேன், சின்னப் புத்தகம்தான். தன்னைவிடப் பத்து வயது மூத்த எல்லெனோரை வீம்புக்கு மயக்கி, அப்புறம் அன்பு வற்றிப்போய், விட்டுப் போகவும் தைரியம் இல்லாமல் நாளைக்குச் சொல்கிறேன் என்று இழுத்து இழுத்து, கடைசியில் அவள் செத்தே போகிறாள். காதல் அதில் கொஞ்சம்தான். முடிவெடுக்கத் தெரியாத ஒருவன் தன்னையே தோலுரித்துக் காட்டுவதுதான் நிறைய. மேடைப் பேச்சில் அவ்வளவு தெளிவாக இருந்தவர் வீட்டுக்குள் எப்படிக் குழம்பினார் என்பதற்கு இதைவிட நேர்மையான வாக்குமூலம் தேவையில்லை.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஓசூர் நண்பர் ஒருவர், அப்படியானால் நம்ம தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியும் இதே ரகம்தானே, கதையும் எழுதினார், 1959-ல் சுதந்திராக் கட்சி ஆரம்பித்து தொழில் செய்ய எதற்கெடுத்தாலும் அரசாங்க அனுமதி கேட்கும் பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யத்தை எதிர்த்தார் என்றார். கொஞ்ச தூரம் சரிதான். ஆனால் 1953-ல் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மிச்ச நேரத்தில் பிள்ளைகளை அப்பன் தொழிலைப் பழகச் சொன்னவரும் அவரே. அதை விட்டுவிட்டு ஒப்பிட எனக்கு மனசு வரவில்லை. இது பற்றித் தனியாக ஒரு கட்டுரை போட்டால் நானும் சண்டைக்கு வருகிறேன்.

நவம்பர் 1 அடுத்த கிராம சபை. கல்யாணப் பத்திரிகைக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டேன், அன்றைக்குக் கல்யாணம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
மாந்தோப்புக்காரன் ஒருவன்,
காவேரிப்பட்டணம் அருகில், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பி.கு.: அவர் பாரீசில் பிறந்ததாகப் போட்டிருக்கிறீர்கள். 1767-ல் பிறந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், 1830-ல் இறந்ததுதான் பாரீஸ்.